கார் ஆலை ஒன்று மூடப்பட்டால் சுற்றுவட்டாரப் பொருளாதாரத்துக்கு என்ன ஆகும்?

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கார் ஆலை மூடப்படப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்றும், அதனால் கடைகளும் வீட்டு வாடகையும் எந்த அளவுக்குப் பாதிக்கப்படும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆலைக்குள் வேலை செய்பவராக இருந்திருந்தால் செட்டில்மென்ட் தொகையைப் பற்றித்தான் முதலில் கேட்டிருப்பீர்கள். ஆகவே நீங்கள் கடை வைத்திருப்பவராகவோ, கடன் வாங்கி வாடகைக்கு வீடு கட்டியவராகவோ இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு முன்பு இங்கே பதில் எழுதிய ஒருவர், ஏழு கோடிக்கு மேல் மக்கள் வாழும் மாநிலத்தில் சில ஆயிரம் வேலைகள் போவது ஒரு பொருட்டே அல்ல, சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று முடித்துவிட்டார். அவருடைய கணக்கில் பிழையில்லை. சென்னைக்கு அருகே மறைமலை நகரில் ஃபோர்டு கார் ஆலை ஓய்ந்த காலத்தில் அதே ஊரில், இரும்புத் தகட்டை அடித்துக் கார் பாகங்களாக்கும் ஒரு சிறிய பிரஸ் ஷாப் நடத்திக்கொண்டிருந்தவன் என்ற முறையில், அந்தக் கணக்குக்குள் வராமல் போனவர்கள் யார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஃபோர்டு 1990களின் நடுவில் மஹிந்திராவோடு கூட்டாக இந்தியாவுக்குள் வந்த நிறுவனம். 1999இல் இகான் கார் மறைமலை நகரிலிருந்துதான் வெளிவந்தது. பிற்பாடு ஆண்டுக்கு 2 லட்சம் கார்களும் 3.4 லட்சம் எஞ்சின்களும் தயாரிக்கும் அளவுக்கு வளர்ந்த அந்த ஆலையில், அத்திறனில் பெரும்பகுதி பயன்படாமலே கிடந்தது என்பது வாசலைக் கடந்து போகும் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கும் தெரியும். மஹிந்திராவோடு மீண்டும் கூட்டுச் சேரும் திட்டம் 2019 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2020இன் கடைசி நாளோடு கைவிடப்பட்டது. 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள், பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொல்லி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். குஜராத்தின் சனந்த் ஆலையில் கார் உற்பத்தி அந்த ஆண்டு இறுதிக்குள்ளும், எங்கள் ஊர் ஆலையில் 2022ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டுக்குள்ளும் நிற்கும், சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றார்கள். மறுநாள் செய்தித்தாள்கள் எல்லாவற்றிலும் இந்த 4,000 என்ற எண்தான் வந்தது.

அந்த எண்ணுக்குள் இருந்தவர்கள் ஃபோர்டின் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள். ஒரு காரில் உள்ள பாகங்களில் மிகப் பெரும்பாலானவை கார் நிறுவனத்தின் கூரைக்கு வெளியேதான் செய்யப்படுகின்றன. சீட்டு, டேஷ்போர்டு, ஏ.சி. போன்றவற்றை முழுத் தொகுப்பாகச் செய்து நேரடியாகக் கொடுக்கும் பெரிய நிறுவனங்கள் முதல் படி. அவர்களுக்குச் சிறு பாகங்களைக் கொடுப்பவர்கள் இரண்டாம் படி. பெரும்பாலும் அந்த இரண்டாம் படிக்காரர் தரும் தகட்டை, அவர் தரும் டையில் (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் எஃகு அச்சு) வைத்து, அடித்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கூலிக்கு ஜாப் ஒர்க் பில் போடும் என்னைப் போன்றவர்கள் மூன்றாம் படி. எனக்கும் ஃபோர்டுக்கும் இடையே ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. முதல் படியில் உள்ளவருக்கு ஒப்பந்தம் உண்டு, வழக்கறிஞர் உண்டு, பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி உண்டு. கீழே இறங்க இறங்க அவை ஒவ்வொன்றாகக் குறைந்து, என் படிக்கு வரும்போது ஒரு பர்சேஸ் மேனேஜரின் கைப்பேசி எண் மட்டும்தான் மிஞ்சும்.

அறிவிப்பு வந்த மறுவாரமே எங்கள் தொழிற்பேட்டை இருண்டிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். உண்மையில் சில மாதங்களுக்கு வேலை கூடியது. அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளுக்குப் போக வேண்டிய எக்கோஸ்போர்ட் கார்களின் ஏற்றுமதி ஆர்டர்கள் பாக்கி இருந்தன. அதோடு, உற்பத்தியை நிறுத்தினாலும் ஏற்கெனவே விற்ற கார்களுக்கு உதிரி பாகங்கள் பல ஆண்டுகளுக்குக் கிடைத்தாக வேண்டும் என்பதால், ஆலையின் உற்பத்தி லைன் ஓடும்போதே அடித்து இருப்பில் வைத்துக்கொள்ள எல்லோரும் அவசரப்பட்டார்கள். எத்தனை பாகங்கள் எப்போது வேண்டும் என்று எனக்கு வந்த ஷெட்யூல் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. இரவு ஷிப்ட் போட்டோம். டீக்கடைகளில் கூட்டம் குறையவில்லை, வேன்கள் ஓடின, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வாடகைப் பலகைகள் எதுவும் புதிதாகத் தொங்கவில்லை. மூடல் என்று சொல்லிவிட்டார்களே தவிர வேறு யாராவது வாங்கி நடத்துவார்கள் என்ற பேச்சு ஊரில் நிலைபெற்றதற்கு இந்தப் பொய்யான சுறுசுறுப்பும் ஒரு காரணம். உங்கள் ஊரிலும் அறிவிப்புக்குப் பிறகு வியாபாரம் ஏறினால், அதை நம்பிக் கடையை விரிவுபடுத்தாதீர்கள்.

2022 மே மாத இறுதியில், நல்ல இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு முதலாளி பேசுகிறான் என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதுவார்கள். அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி ஆலை மூடலுக்கான இழப்பீடு, பணி செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம்தான். நிறுவனம் ஜூன் மாதத்தில் ஆண்டுக்குச் சுமார் 115 நாள் ஊதியம் தருவதாக முன்வந்தது. சங்கம் அது போதாது என்றது. ஒன்றாக நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது நல்ல சான்று, அவர்கள் கேட்டதில் தவறில்லை. ஆனால் லைன் நின்ற அந்த வாரங்களில், நாங்கள் அடித்து அடுக்கிய பிராக்கெட்டுகளை எடுத்துச் செல்ல ஒரு டெம்போவும் வரவில்லை. ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளிவந்தது. அதற்குச் சில நாட்கள் கழித்து, நான் சரக்குக் கொடுத்து வந்த நிறுவனத்திலிருந்து, மீதியுள்ள ஷெட்யூல் ரத்து செய்யப்பட்டது என்று இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது.

பிரஸ் ஷாப் நடத்தாதவர்களுக்கு இந்த இரண்டு வரியின் பொருள் புரியாது என்பதால் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பவர் பிரஸ் பொது இயந்திரம். எந்தத் தகட்டை வேண்டுமானாலும் அடிக்கும். டை அப்படியல்ல, குறிப்பிட்ட காரின் குறிப்பிட்ட பாகத்துக்காகக் கடைந்தது, அந்த மாடல் போனால் அது வெறும் எஃகுக் கட்டி. என்னிடம் இருந்த டைகளில் சில வாடிக்கையாளருடையவை. வேறு சிலவற்றை நானே செலவு செய்து செய்ய வேண்டும், அந்தச் செலவை ஒவ்வொரு பாகத்தின் விலையிலும் சில பைசாக்களாகப் பிரித்துச் சேர்த்து, இத்தனை லட்சம் பாகங்கள் போன பிறகு முழுவதும் திரும்பிவிடும் என்று பேசியிருந்தோம். அத்தனை லட்சம் பாகங்கள் போகவே இல்லை. திரும்பாத அந்தத் தொகையைப் பற்றி எந்தக் காகிதத்திலும் தனியாக எழுதப்படவும் இல்லை. அந்தப் பாகத்தின் அகலத்துக்கே வெட்டி வைத்திருந்த தகட்டுச் சுருளும் வேறு வேலைக்கு ஆகாமல் ஸ்க்ராப் விலைக்குத்தான் போனது. இவை தவிர, ஏற்கெனவே கொடுத்து முடித்த சரக்குக்கான பில்கள் நின்றன. நான் கேட்கப் போனபோது, அந்த மேனேஜர் என்னைவிட வயதில் இளையவர், மரியாதை குறையாமல்தான் பேசினார்: "மேல இருந்து எங்களுக்கு வரட்டும் அண்ணே, வந்த அன்னைக்கே உங்களுக்கு போட்டுடறேன்." மேலே இருந்து அவர்களுக்கு வந்தது என்பதை ஓராண்டு கழித்து வேறொருவர் மூலம் அறிந்தேன். எனக்குப் பாதிக்குமேல் இன்றுவரை வரவில்லை.

சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. படிக்க மிக நன்றாக இருக்கும் சட்டம். புகார் கொடுத்தால் பணம் வரக்கூடும். ஆனால் அதே நிறுவனம்தான் வேறு கார்களுக்கும் பாகம் செய்கிறது, அந்தத் தொழிற்பேட்டையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், புகார் கொடுத்தவன் என்ற பெயர் வந்தால் அடுத்த வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்? இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள், மாதத் தவணையும் ஐந்தாம் தேதிச் சம்பளமும் தலைக்கு மேல் இருக்கும்போது வாடிக்கையாளர் மீது வழக்குப் போட்டுவிட்டு வந்து பேசலாம்.

இனி நீங்கள் கேட்ட கடை, வாடகை விஷயம். பாதிப்பு எல்லோரையும் ஒரே நேரத்தில் தொடவில்லை. முதலில் போனவர்கள் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். அவர்களில் பலர் மதுராந்தகம், செய்யூர் பக்கத்திலிருந்தும், ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்குச் செட்டில்மென்ட் என்ற சொல்லே பொருந்தாது, ஒரு மாதம் வரச் சொல்வார்கள், மறுமாதம் வரச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கியிருந்த அவர்கள் அட்வான்ஸைக் கழித்துக்கொண்டு கிளம்பியபோது, குறைந்த வாடகை அறைகள்தான் முதலில் காலியாயின. நல்ல வீடுகளின் வாடகை அசையவே இல்லை. அதேபோல் பாதிக்கப்பட்டவை பெரிய கடைகள் அல்ல. ஷிப்ட் நேரத்தை நம்பி மெஸ் நடத்தியவர்கள், ஆலை ஒப்பந்தத்தில் வேன் ஓட்டியவர்கள், கேண்டீனுக்குக் காய்கறி போட்டவர்கள், சீருடை துவைத்துக் கொடுத்தவர்கள் ஆகியோர்தான் அடிவாங்கினார்கள். எங்கள் ஷெட்டுக்குச் சாப்பாடு கொடுத்து வந்த அக்கா, மாதக் கணக்கு நோட்டில் பாக்கி வைத்தவர்களின் ஊர்ப் பெயர்கூடத் தெரியாமல் அந்த நோட்டை வைத்துக்கொண்டிருந்தார்.

நிரந்தரத் தொழிலாளர்களின் கையில் பணம் வந்தபோது ஊரில் செலவு கூடியதே தவிரக் குறையவில்லை. கடனை அடைத்தார்கள், கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை வாங்கினார்கள், சிலர் கார் வாங்கி வாடகைக்கு விட்டார்கள். அவர்களுடைய சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சுற்றிலும் ஆலைகளுக்குக் குறைவில்லை என்றாலும், அவை தேடுவது இருபது வயது டிரெய்னியை. நாற்பதை நெருங்கிய, சங்கத்தில் இருந்த, முன்பு நல்ல சம்பளம் வாங்கிய ஒருவரை அழைத்து அதே சம்பளத்தைக் கொடுக்க யாரும் முன்வருவதில்லை. வேலை கிடைத்தவர்கள் பழைய சம்பளத்தில் பாதிக்கு ஒப்புக்கொண்டார்கள். புள்ளிவிவரத்தில் அவர் வேலையில் இருப்பவர்தான். பிள்ளையின் பள்ளியை மாற்றியது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

ஃபோர்டு போனால் மறைமலை நகரே சுடுகாடாகிவிடும் என்று அன்று எழுதியவர்களும் உண்டு. அதுவும் நடக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஊர் சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது, மின்சார ரயில் நிற்கிறது, பரனூரில் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி, ஒரகடத்தில் ரெனோ நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வேறு வாசல்கள் இருந்தன, காட்டாங்குளத்தூரில் பல்கலைக்கழக மாணவர்கள் இருந்தார்கள். காலியான அறைகள் மெல்ல நிரம்பின. ஆகவே உங்கள் ஊரில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய தூரத்தில் வேறு எத்தனை ஆலை வாசல்கள் இருக்கின்றன என்பதைத்தான். ஒன்றும் இல்லையென்றால் நான் எழுதியதைவிட நிலைமை மோசமாக இருக்கும்.

இரண்டாவது, எவ்வளவு கால அவகாசம் தருகிறார்கள் என்பது. இதே ஃபோர்டு ஆஸ்திரேலியாவில் 2013 மே மாதம் அறிவித்துவிட்டு, 2016 அக்டோபரில்தான் பிராட்மெடோஸ், ஜீலாங் ஆலைகளை மூடியது. மூன்று ஆண்டுகளுக்கு மேல். எங்களுக்குக் கிடைத்தது ஓராண்டுகூட இல்லை. மூன்று ஆண்டுகள் இருந்திருந்தால் நான் புதிய டை எதற்கும் பணம் போட்டிருக்க மாட்டேன், வேறு வாடிக்கையாளரைத் தேடியிருப்பேன்.

சனந்தில் கதை வேறு. அந்த ஆலையை டாடா 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியது, 2023 ஜனவரியில் கைமாறியது, தகுதியுள்ள தொழிலாளர்களுக்கு அங்கேயே வேலை தருவதாக ஒப்பந்தம். எங்கள் ஊர் ஆலை பூட்டியே கிடந்தது. 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக ஆலையை மீண்டும் பயன்படுத்தப்போவதாக மாநில அரசுக்கு ஃபோர்டு விருப்பக் கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் இறுதியில் 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2.35 லட்சம் எஞ்சின்கள், 2029இல் உற்பத்தி, 600க்கும் மேற்பட்ட வேலைகள் என்று புரிந்துணர்வு ஒப்பந்தமும் ஆயிற்று. நல்ல செய்திதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாராட்டி எழுதியவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவில்லை. 2022இல் முப்பத்தெட்டு வயதில் வெளியே வந்தவருக்கு 2029இல் நாற்பத்தைந்து ஆகியிருக்கும். இரண்டாவது, எஞ்சின் என்பது வார்ப்பும் கடைசலும் சேர்ந்த வேலை. காரின் உடற்பகுதிக்குப் போகும் தகட்டு பிராக்கெட்டுகளுக்கு அதில் இடம் மிகக் குறைவு. மீண்டும் எல்லோருக்கும் வேலை வந்துவிட்டதே என்று வாழ்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்ட உறவினரிடமும் இதைத்தான் சொன்னேன். நான் இப்போது மின் பேனல் பெட்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிறேன். அதில் லாபம் குறைவு, ஆனால் சரக்கு போகும்போதே பணம் வாங்கிவிடுகிறேன்.