ஆண் குழந்தைக்கு ‘ஆதன்’ என்று பெயர் வைக்கலாமா? அகராதியில் ‘அறிவிலி’ என்று போட்டிருக்கிறதே?

தாராளமாக வையுங்கள். என் மகன் பெயரே ஆதன்தான். நீங்கள் பார்த்த அதே அகராதி வரியை எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் பெயர்சூட்டுக்கு முன்னால் எடுத்துக் காட்டினார். அதனால் இதைப் பற்றி அப்போதே நிறையத் தேடிப் படித்தேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த ‘அறிவிலி’. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ஆதன் என்பதற்கு உயிர், அருகன் (சமணர்களின் கடவுள்) என்ற பொருள்களும் உண்டு. அறிவில்லாதவன், குருடன் என்ற பொருள்களும் உண்டு. தேவாரத்தில் சமணரைக் கடிந்து பேசும் இடங்களில் ‘ஆதர்’ என்று வருவது இந்த இரண்டாவது வகை. ஒரே சொல் ஒரு பக்கம் அருகக் கடவுளையும் மறுபக்கம் அறிவில்லாதவனையும் குறிக்கிறதென்றால், அது சமயச் சண்டையில் அடிபட்ட சொல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எப்படி இருந்தாலும் தேவாரம் 7ஆம் நூற்றாண்டில் தொடங்குவது. ஆட்பெயராக ஆதன் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே புழங்கிய பெயர். பெற்ற பிள்ளைக்கு முட்டாள் என்று பொருள்படப் பெயர் வைத்து, அவன் அரசனான பிறகும் யாரும் அதை மாற்றவில்லை என்று நம்ப முடியுமா?

ஏனென்றால் இது சேர அரசர்களின் பெயர். சேரர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தில் இரண்டாம் பத்தின் தலைவன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். சேரல், ஆதன் இரண்டும் சேர்ந்ததுதான் சேரலாதன். ஏழாம் பத்தின் தலைவன் செல்வக் கடுங்கோ வாழியாதன். அவனைப் பாடிய கபிலருக்கு நூறாயிரம் காணம் (பொற்காசு) கொடுத்ததோடு, நன்றா என்ற குன்றின் மேல் ஏறி நின்று கண்ணுக்குத் தெரிந்த நாட்டையெல்லாம் கொடுத்தான் என்று அந்தப் பத்தின் பதிகம் சொல்கிறது. இன்னொரு சங்க நூலான ஐங்குறுநூற்றைத் திறந்தால் முதல் பாட்டே ‘வாழி ஆதன் வாழி அவினி’ என்றுதான் தொடங்கும். அந்த முதல் பத்துப் பாட்டும், வேட்கைப் பத்து முழுவதும், அப்படியே. ஒரு நூலே வாழ்த்தொலியோடு திறக்கிறது, அந்த வாழ்த்தில் முதலில் வரும் பெயர் ஆதன். இதைவிட நல்ல சகுனம் எந்தக் குழந்தைக்குக் கிடைக்கும்?

சேரர்களோடு நிற்கவில்லை. புறநானூற்றில் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் வஞ்சினம் (சபதம்) சொல்லும் பாட்டில் தன் உயிர் நண்பர்களை வரிசையாகச் சொல்வான்: மாவன், ஆந்தை, அந்துவன் சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன். வேங்கட நாட்டுப் பக்கம் ஆதனுங்கன் என்று ஒரு வள்ளல் இருந்தான்.

மேலே உள்ள வரிசையில் வரும் ஆந்தையும் நம் ஆளுக்குச் சொந்தக்காரர்தான். இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. பிசிராந்தையார் என்றதும் பள்ளியில் எல்லோரும் ஆந்தைப் பறவையை நினைத்துக்கொண்டோம் அல்லவா? தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில், ஆட்பெயரோடு தந்தை என்ற சொல் சேரும்போது என்ன ஆகும் என்று ஒரு விதி இருக்கிறது. சாத்தன் தந்தை சாத்தந்தை ஆவார், கொற்றன் தந்தை கொற்றந்தை ஆவார். ஆதன், பூதன் இரண்டுக்கும் மட்டும் தனி நூற்பா. அவை இன்னும் சுருங்கி ஆந்தை, பூந்தை என்றாகும். பிசிர் என்ற ஊரில் இருந்த ஆதனின் அப்பாதான் பிசிராந்தையார். கோப்பெருஞ்சோழனை நேரில் பார்க்காமலே நட்புக்கொண்டு, அவன் வடக்கிருந்தபோது (உண்ணாமல் உயிர்விட அமர்ந்தபோது) தேடி வந்து உயிர்விட்ட அதே புலவர். மகன் பெயரால் அப்பாவை அழைக்கும் வழக்கம் அன்றைக்கு இருந்திருக்கிறது. அதில் ஆதன் என்ற பெயர் அவ்வளவு சகஜமாக வாயில் வந்துபோனதால்தான் அதற்கென்று இலக்கணத்தில் தனி இடம் ஒதுக்க வேண்டியிருந்தது.

பாட்டில் இருப்பது போதாது, கல்லில் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குக் கரூர் பக்கத்துப் புகலூர் இருக்கிறது. அங்கே ஆறுநாட்டார் மலைக் குகையில், ஒரு சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்லும் தமிழ் பிராமிக் (பழந்தமிழ் எழுத்துக்) கல்வெட்டில் கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை வருகிறது. தாத்தாவின் பெயர் ஆதன்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது ராஜாக்கள் இல்லை, கீழடி. தமிழ்நாடு தொல்லியல் துறை நான்காம் கட்ட அகழாய்வின் அறிக்கையை 2019இல் வெளியிட்டபோது, 56 தமிழ் பிராமிப் பானை ஓடுகள் கிடைத்ததாகச் சொன்னது. அவற்றில் படிக்க முடிந்த பெயர்களில் குவிரன், ஆதன் இரண்டும் உண்டு. அதற்கு முன்பு மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோதும் திசன், உதிரன் போன்ற பெயர்களோடு ஆதன் கிடைத்திருந்தது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் ஓர் ஓட்டில் ‘கண்ணன் ஆதன்’. இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை சுட்ட பானையின் தோள் பகுதியில் பிற்பாடு கீறியவை. கையெழுத்தும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதாவது வீட்டில் இருந்த ஒருவர், இது என் பானை என்று தன் கையால் எழுதிவைத்த பெயர். கொற்றவனும் வைத்துக்கொண்டான், குடிமகனும் வைத்துக்கொண்டான். பொருள் என்ன என்று கேட்கும் எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் இந்த மனிதர்கள்தான். ஆள் கேட்கவில்லை, ஒரு சொல்தான் வேண்டும் என்றால் ‘உயிர்’ என்று சொல்லிவிடுங்கள். பெயர்த் தளங்களில் சூரியன் என்று போட்டிருப்பார்கள். அது ஆதவன், ஆதித்தன் என்ற வேறு பெயர்களோடு குழப்பிக்கொண்டது.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது? நம் நாட்டில் பிறப்புப் பதிவுப் பெயர்களை வரிசைப்படுத்தி ஆண்டுதோறும் வெளியிடும் வழக்கம் கிடையாது. ஆகவே, இத்தனையாவது இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் பார்த்த அளவில் அரிதுதான். என் மகன் படிக்கும் பள்ளியில் வேறு ஆதன் இல்லை. ஆதவன், ஆதித்யா, ஆதிரன் எல்லாம் வகுப்புக்கு ஒருவர் இருக்கிறார்கள். தனித்தமிழ்ப் பெயர் அலை வந்தபோது செழியன், இளங்கோ, பாரி, அதியமான், சேரலாதன்கூட திரும்பி வந்தன. தனி ஆதன் மட்டும் ஏனோ விடுபட்டுப்போனது. கீழடிச் செய்திகளுக்குப் பிறகு காது பழகியிருக்கிறது, அந்தப் பெயரில் யூடியூப் சேனலே ஓடுகிறது. ஆகவே, விளக்கம் சொல்லியே ஓய்ந்துபோகும் நிலை இப்போது இல்லை.

வீட்டில் கூப்பிட ‘ஆதா’ என்று தானாகவே வந்துவிடும். எங்கள் அம்மா ‘ஆதன் கண்ணு’ என்பார்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: ஆங்கில எழுத்துக்கூட்டல். தொடக்கத்தில் ‘ஏ’ இரண்டு போடுங்கள், நடுவில் ‘டி’க்குப் பின் ‘எச்’ போடுங்கள் (Aadhan). ‘ஏ’யைக் குறைத்து ‘டி-எச்’ இடத்தில் ‘டீ-எச்’ போட்டால் (Athan) நம்மவர்கள் ‘அத்தான்’ என்று படிப்பார்கள், வகுப்பில் பையனை வாட்டி எடுத்துவிடுவார்கள். ‘எச்’ இல்லாமல் வெறும் ‘டி’ (Aadan) என்றால் வெளி மாநிலத்தில் ‘ஆடன்’ ஆகிவிடும். பிறப்பைப் பதிவு செய்து 12 மாதத்துக்குள் என்றால் சான்றிதழில் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அவசரப்படாமல் எழுத்துகளை முடிவு செய்துகொண்டு போங்கள். ஆதாரும் பாஸ்போர்ட்டும் அதைப் பார்த்துத்தான் வரும். தமிழில் எழுதும் இடத்தில் அலுவலர் ‘ஆதவன்’ என்று தட்டிவிடாமல் திரையைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.