பதில்: கேலக்ஸி 15 செயற்கைக்கோளைச் சூரியப் புயல் தள்ளிக்கொண்டு போனதா?

இல்லை, புயல் அதைத் தள்ளவில்லை. 2010 ஏப்ரலில் அது மேற்குத் தீர்க்கரேகை 133 பாகையிலிருந்து கிழக்கே நகர ஆரம்பித்ததற்குக் காரணம், தரையிலிருந்து போன கட்டளைகளைக் கேட்பதை நிறுத்தியதுதான். 36,000 கி.மீ. உயரத்தில் எதுவும் தானாக ஒரே இடத்தில் நிற்காது. பூமத்திய ரேகை கச்சிதமான வட்டமில்லை, அதனால் ஈர்ப்பு பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். உந்துபொறியை அவ்வப்போது இயக்கித்தான் நிறுத்திவைக்கிறார்கள். அந்த இழுப்பு கொண்டுபோய்ச் சேர்க்கும் பள்ளம் போன்ற இடங்கள் இரண்டு: மேற்கு 105 பாகை, கிழக்கு 75 பாகை (பின்னது ஏறக்குறைய நம் பக்கம்தான்). கேலக்ஸி முதல் பள்ளத்தை நோக்கி உருண்டது.

புயலின் பங்கு வேறு. புயலின்போது எலெக்ட்ரான்கள் செயற்கைக்கோளின் மேற்பரப்பில் சேர்ந்து பட்டென்று பொறி பறக்கும். நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடக்குமே, அதே சங்கதி. அதில் கட்டுப்பாட்டு மின்னணுக் கருவி உறைந்துபோகலாம். ஆனால் ஒளிபரப்புக் கருவி ஓடிக்கொண்டே இருந்ததால், அதன் சிக்னல் குறுக்கிடுமோ என்று அக்கம்பக்கத்துச் செயற்கைக்கோள்காரர்களுக்குத்தான் தலைவலி. டிசம்பரில் பேட்டரி தீர்ந்து, தானே ரீசெட் ஆகி, மறுபடி பேச ஆரம்பித்தது!

நீங்கள் பின்தொடரும் மற்ற செயற்கைக்கோளும் இப்படித்தானா என்று பார்க்க, ஒரு மாத இடைவெளியில் இரண்டு டிஎல்இ (செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை விவரங்களைத் தரும் இரண்டு வரித் தரவு) எடுத்து ஒப்பிடுங்கள். தீர்க்கரேகையும் மாறி, சாய்வும் (பூமத்திய ரேகைத் தளத்திலிருந்து சுற்றுப்பாதை சாய்ந்திருக்கும் கோணம்) மெல்லக் கூடினால் அநேகமாகக் கட்டுப்பாடு போய்விட்டது.

சாய்வு மட்டும் கூடினால் அவசரப்படாதீர்கள். எரிபொருளை மிச்சம்பிடிக்க வடக்கு-தெற்குத் திருத்தத்தை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அப்புறம், 2010 கோளாறில் சூரியன் மீது சந்தேகம் பலமாக இருந்தாலும், எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.