‘பக்கப் எடுக்கிற வேலை’ பற்றி ஒரு தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

கடந்த வாரம் நீங்கள் புதுக்குடியிருப்பிலிருந்து பேருந்தேறிக் கிளிநொச்சிக்கு வந்து மகனின் வேலையைப் பற்றிக் கேட்டபோது, வெளியே இன்னும் பலர் காத்திருந்தமையால் என்னால் முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. “அறிவியல்நகரில் படித்துத் தேசிய தொழில்சார் தகைமை 5ஆம் மட்டம் முடித்த பிள்ளை, கடைசியில் கொப்பி எடுக்கிற வேலைக்கா போக வேண்டும்?” என்று கேட்டீர்கள். வவுனியாவிலுள்ள அந்த நிறுவனம் மகனுக்குத் தர முன்வந்திருப்பது, வாடிக்கையாளர்களின் மெய்நிகர் இயந்திரங்களில் (ஒரே கணினிக்குள் மென்பொருளால் அமைத்த தனித்தனிக் கணினிகளில்) இயங்கும் தரவுத்தளங்களுக்கு (ஒழுங்குபடுத்திய தகவல் தொகுப்புகளுக்கு) காப்புப் பிரதி, அதாவது ‘பக்கப்’, எடுப்பதையும், அதற்குரிய மென்பொருள் உரிமங்களைக் கவனிப்பதையும் பழகும் பயிலுநர் இடம். அதைக் கொப்பி எடுக்கும் வேலை என்று நீங்கள் எண்ணியதில் பிழையில்லை. கணினித் துறையில் இருப்பவர்களிலும் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள், அதனால் பல நிறுவனங்கள் நட்டப்பட்டும் இருக்கின்றன.

உங்கள் காணியின் உறுதி இடம்பெயர்வில் தொலைந்துபோனதையும், காணிப் பதிவகத்தில் அதன் இணைப் பிரதி இருந்தபடியால் பின்னர் காணியை உங்களுடையதென நிறுவ முடிந்ததையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். அங்கே உங்களைக் காப்பாற்றியது பிரதி ஒன்று இருந்தது மட்டுமன்று; அது வேறோர் இடத்தில் இருந்தது, முழுமையாக இருந்தது, கேட்டபோது எடுத்துத் தரக்கூடியதாகவும் இருந்தது. இந்த மூன்றையும் ஒவ்வொரு நாளும் உறுதிப்படுத்துவதுதான் மகனின் வேலையாக இருக்கப்போகிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தாக்குதலுக்கு உள்ளானபோது, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன; அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்கு வெளியே வைத்த காப்புப் பிரதி இல்லாதமையால் அக்காலத்து மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை.

இனி வரும் பகுதியைத் தம்பியும் சேர்ந்து வாசிக்கட்டும்.

இன்று ஒரு பெரிய சேர்வருக்குள் பத்து, இருபது மெய்நிகர் இயந்திரங்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினியாகவே கருதி நடந்தாலும், சேமிப்பகத்தில் அது சில பெரிய கோப்புகள் மட்டுமே. ஆகவே அக்கோப்புகளைப் பிரதி செய்துவிட்டால் உள்ளே இருக்கும் தரவுத்தளமும் பத்திரமாகிவிடும் என்று தோன்றும். ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளம், வன்தட்டில் இன்னும் எழுதப்படாத மாற்றங்களை நினைவகத்தில் வைத்திருக்கும்; அந்த வேளையில் எடுத்த பிரதி, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் வன்தட்டு எந்த நிலையில் நிற்குமோ அந்த நிலையைத்தான் வைத்திருக்கும். நல்ல தரவுத்தளங்கள், ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் தமது பரிவர்த்தனைப் பதிவைக் கொண்டு அந்நிலையிலிருந்து பெரும்பாலும் எழுந்துவிடும். ஆனால் தரவுக் கோப்பு ஒரு வன்தட்டிலும் பதிவுக் கோப்பு இன்னொன்றிலும் இருந்து, இரண்டும் ஒரே கணத்தில் பிரதி செய்யப்படாமல் விட்டால் அந்த உத்தரவாதமும் இல்லை. இதற்காகவே விண்டோஸில் வி.எஸ்.எஸ். என்னும் வசதி, பிரதி எடுக்கும் கணத்தில் வன்தட்டில் எழுதுவதை நிறுத்தி வைக்கும்படி தரவுத்தளத்துக்கு அறிவிக்கிறது. லினக்ஸில் எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொதுவான அத்தகைய ஏற்பாடு இல்லாதபடியால், பிரதிக்கு முன்னும் பின்னும் ஓட வேண்டிய கட்டளைகளை நாமே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். எழுதுபவருக்குத் தரவுத்தளம் தெரிந்திருக்க வேண்டும். மென்பொருளின் பொத்தான்களை மட்டும் அறிந்தவரால் அது முடியாது.

இயந்திரத்தின் ஒரு கணத்து நிலையைக் குறித்துவைக்கும் ஸ்னப்ஷொட் என்பது காப்புப் பிரதி அன்று என்பதையும் தம்பி முதல் நாளிலேயே மனத்தில் இருத்த வேண்டும். அது மூல வன்தட்டுக் கோப்பை நம்பி நிற்பது. மூலம் அழிந்தால் அதுவும் பயனற்றுப் போகும், மறந்து விட்டுவைத்தால் வளர்ந்து இடத்தை நிரப்பி இயந்திரத்தையும் மந்தமாக்கும்.

தொழில் ஆலோசனை சொல்லும் இப்பணிக்கு வருமுன் நான் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்தேன். அங்கே கணக்குத் தரவுத்தளம் மைக்ரோசொப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்.கியூ.எல். சேர்வரில் இயங்கியது, ஒவ்வோர் இரவும் முழு இயந்திரமும் பிரதியாகி, காலையில் வெற்றி என்று பச்சை அடையாளத்துடன் அறிக்கை வரும். அந்தத் தரவுத்தளம், பரிவர்த்தனைப் பதிவையும் தனியே பிரதி எடுத்தால் மட்டுமே அப்பதிவுக் கோப்பில் இடத்தை விடுவிக்கும் முறையில் அமைக்கப்பட்டிருந்ததை எங்களில் எவரும் கவனிக்கவில்லை. பதிவுக் கோப்பு மாதக்கணக்கில் வளர்ந்து வன்தட்டை நிரப்பி, ஒரு நாள் பிற்பகலில் எல்லாம் நின்றது. அவசரத்தில் ஒருவர் அந்தக் கோப்பை அழித்துவிட்டார். பதிவைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிரதி எடுத்திருந்தால் நின்றதற்குச் சற்று முன் வரையான நிலையை மீட்டிருக்கலாம். எங்களிடம் இருந்ததோ முந்தைய இரவின் பிரதி மட்டுமே. அன்றைய பற்றுச்சீட்டுகளைக் கடதாசிப் பிரதிகளைப் பார்த்து மறுபடி தட்டச்சுச் செய்ய மூன்று நாட்கள் ஆயின. பச்சை அடையாளத்தை நம்பியவர்களில் நானும் ஒருவன் என்பதால், இதைப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லிவருகிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. இயந்திரத்தைப் பிரதி எடுக்கும் மென்பொருள் பரிவர்த்தனைப் பதிவைத் தன் கிடங்குக்கு எடுத்துக்கொள்ள, தரவுத்தள நிர்வாகியும் தன் பங்குக்கு அதே பதிவை வேறொரு கோப்புறைக்கு எடுத்துவந்தால், மீட்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக வேண்டிய பதிவுப் பிரதிகளின் சங்கிலியில் கண்ணிகள் பாதி அங்கும் பாதி இங்குமாகப் பிரிந்துவிடும். மீட்கும் நாளில்தான் அது வெளிப்படும். பதிவை எடுக்கும் பொறுப்பு ஒருவருக்கே உரியது என்று எழுத்தில் தீர்மானித்துக்கொள்வதே இதற்குப் பரிகாரம்.

உரிமங்களைக் கவனிப்பது எழுதுவினைஞர் வேலை என்று தம்பி சலிப்போடு சொன்னதாகக் கூறினீர்கள். அவர் அப்பகுதியைத்தான் கூடுதல் அக்கறையோடு கற்க வேண்டும் என்பது என் கருத்து. காப்புப் பிரதி மென்பொருள்களில் சில சேர்வரின் செயலிகளை (புரொசசர்களை) எண்ணியும், சில மெய்நிகர் இயந்திரங்களை எண்ணியும், சில தரவின் அளவைக் கொண்டும் கட்டணம் அறவிடுகின்றன. ஒரே நிறுவனத்துக்கு ஒரு முறையில் இலாபமாக இருப்பது மறு முறையில் பெருநட்டமாகலாம். மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் விஎம்வெயாரை 2023 நவம்பரில் புரோட்கொம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு முறை வாங்கி எக்காலமும் பயன்படுத்தும் உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. அச்சந்தாவில் ஒரு செயலிக்குக் குறைந்தது 16 கருக்களுக்கு (செயலிக்குள் கணக்கிடும் தனி அலகுகளுக்கு) பணம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையின்படி, எட்டுக் கருக்கள் கொண்ட இரண்டு செயலிகள் உள்ள பழைய சேர்வரை வைத்திருப்பவர், இருப்பது 16 ஆனாலும் 32 கருக்களுக்குச் செலுத்த நேரிடும். இதைக் கணக்கிட்டு, புரொக்ஸ்மொக்ஸ் போன்ற திறந்தமூல மென்பொருளுக்கு மாறலாமா, மாறினால் இப்போதுள்ள காப்புப் பிரதி மென்பொருள் அதற்கு ஒத்துவருமா என்று முதலாளிக்கு எடுத்துச் சொல்லக்கூடிய பிள்ளையை எந்த நிறுவனமும் எழுதுவினைஞராக நடத்தாது. அத்துடன் உரிமக் கட்டணங்கள் பெரும்பாலும் டொலரில் வருவன. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் எவ்வளவு இடர்ப்பட்டிருப்பார்கள் என்பதை அரிசி வாங்கிய நீங்களே அறிவீர்கள்.

உரிமத்தை எண்ணாமல் விடுவதால் தரவும் போகலாம். எடுத்துக்காட்டாக, வீம் நிறுவனத்தின் காப்புப் பிரதி மென்பொருளின் இலவசப் பதிப்பு பத்து இயந்திரங்கள் வரை போதுமானது. பதினோராவது இயந்திரத்தை ஒருவர் நிறுவிவிட்டு உரிமத்தைப் பார்க்காமல் போனால், எல்லாவற்றுக்கும் பிரதி இருக்கிறதென்று அலுவலகம் நம்பிக்கொண்டிருக்க அது மட்டும் பாதுகாப்பின்றி நிற்கும். சோதனைக்கென இலவசமாகத் தரப்படும் பதிப்பை உண்மையான அலுவல்களுக்குப் பயன்படுத்துவதும் உரிம மீறல். இலவசப் பதிப்பைக் கொண்டு பிறருக்குக் கட்டணச் சேவை வழங்குவதையும் பல உரிமங்கள் தடுக்கின்றன. உரிமப் பூட்டை உடைத்த மென்பொருளைப் பற்றியும் ஒரு சொல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, எவரோ திருத்திய மென்பொருளின் கையில் ஒரு வைத்தியசாலையின் அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் முழுத் தரவையும் ஒப்படைப்பதற்குத் தம்பி ஒருபோதும் துணைபோகக்கூடாது.

கையிலுள்ள தங்கக் காப்பை அடகு வைத்துக் கொழும்பில் ஒரு சான்றிதழ்க் கற்கைநெறிக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டீர்கள். தயவுசெய்து இப்போது வேண்டாம். 16 ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய கணினி ஒன்று இருந்தால், மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் வேர்ச்சுவல்பொக்ஸ், தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ், புரொக்ஸ்மொக்ஸின் காப்புப் பிரதிச் சேர்வர் ஆகிய யாவும் இலவசமாகக் கிடைக்கின்றன, எஸ்.கியூ.எல். சேர்வரில் பழகுவதற்கும் இலவசப் பதிப்பு உண்டு. நிமிடத்துக்கு ஒரு வரியை எழுதும் சிறிய தரவுத்தளத்தை அமைத்து, பிரதி எடுத்து, பின்னர் அந்த மெய்நிகர் இயந்திரத்தையே அழித்துவிட்டு, மீட்டெடுக்க எத்தனை நிமிடம் ஆயின, எத்தனை வரிகள் குறைந்தன என்று ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவரட்டும். ஊரில் மின்சாரம் போகும் நாட்களையும் அவர் வீணாக்க வேண்டியதில்லை. அவ்வேளை ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளம் மறுபடி எழும்போது தன் பதிவைக் கொண்டு எவ்வாறு சீராகிறது என்பதை அது எழுதும் செய்திகளிலேயே வாசிக்கலாம். பட்டம் வேண்டுமென்ற உங்கள் ஆசையும் நியாயமானதே. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்தும் வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டத்தை வேலையோடு தொடரலாம். அதைப் பயிலுநர் காலம் முடிந்ததும் பேசுவோம்.

வேலையின் கடினத்தை மறைக்க நான் விரும்பவில்லை. பிரதிகள் இரவில் ஓடுவன. நள்ளிரவில் தொலைபேசி வரும், சில நாட்கள் விடியும்வரை விழித்திருக்க நேரும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் காலத்தில் எவரும் பாராட்டமாட்டார்கள்.

ஆகவே என் ஆலோசனை, அந்த இடத்தை ஏற்கலாம் என்பதே; ஆனால் கையொப்பமிடுமுன் தம்பி மரியாதையாகச் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மீட்டெடுப்புச் சோதனையை எத்தனை நாட்களுக்கு ஒரு முறை செய்கிறார்கள், அதில் பயிலுநருக்குப் பங்கு உண்டா, தரவுத்தளம் அறிந்த ஒருவரின் கீழ் பழக விடுவார்களா, இரவுப் பணிக்கு மறுநாள் ஓய்வு உண்டா என்பன அவை. மீட்டெடுப்புச் சோதனையே செய்வதில்லை என்று பதில் வந்தால் மட்டும், எவ்வளவு சம்பளம் சொன்னாலும் என்னிடம் ஒரு தடவை பேசிய பின்னரே முடிவெடுங்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உங்களுக்கென நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். தம்பியையும் கூட்டி வாருங்கள், அந்த நிறுவனத்தின் கடிதத்தோடு, அதற்குள் அவர் எழுதத் தொடங்கியிருந்தால் அந்தக் குறிப்பேட்டையும் கொண்டு வரட்டும்.