கச்சான் காலத்து மீன்தொட்டி: ஃபேன் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

எங்கள் கிழக்கிலங்கையில் கச்சான் என்ற காய்ந்த, சூடான காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் மீன் வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும்: தொட்டித் தண்ணீர் சுடுகிறது, ஃபேன் போட்டால் இறங்குமா? இந்த முறை வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கல்லடி: அண்ணா, இரண்டடித் தொட்டி, கப்பியும் மொலியும் நிற்குது. பின்னேரம் மூன்று மணிக்குத் தேர்மோமீற்றர் 33 காட்டுது. ஃபேன் அறைக்குள்ள இருக்கிற சூட்டுக் காத்தைத்தானே அடிக்கும்? அது எப்படித் தண்ணியைக் குளிராக்கும்?

தம்பி, ஃபேன் காற்றைக் குளிராக்குவதில்லை. அது செய்வது தண்ணீரை ஆவியாக்குவது மட்டும்தான். ஆவியாகிப் போகிற தண்ணீர் தொட்டியில் இருக்கிற சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான்.

ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உங்கள் தொட்டியில் 60 லீற்றர் இருக்கிறது என்று வைத்தால், அதை ஒரு பாகை இறக்க 250 கிலோஜூல் போதும். கணக்குப்படி ஒரு லீற்றர் ஆவியானால் ஒன்பது, பத்துப் பாகை இறங்க வேண்டும். அப்படி இறங்காது, ஏனென்றால் அறையின் சூடு கண்ணாடி வழியாகத் திரும்ப உள்ளே வந்துகொண்டே இருக்கும். எங்கள் பக்கத்து வீடுகளில் நடைமுறையில் இரண்டிலிருந்து நான்கு பாகை வரை கிடைக்கும். 33 என்பது 30க்கு வந்தாலே கப்பிக்குப் பெரிய ஆறுதல்.

எவ்வளவு இறங்கும் என்பதைக் காற்றின் ஈரம்தான் தீர்மானிக்கும். இதில் எங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து, சூடேறி வருகிறது. அதுதான் எங்கள் கச்சான். மனிதருக்கு உடம்பெல்லாம் எரியும், உதடு வெடிக்கும், ஆனால் தொட்டி ஃபேனுக்கு அதைவிட நல்ல காற்று இல்லை. கொழும்புக்காரர் ஒருவர் தன் ஃபேன் ஒரு பாகைகூட இறக்கவில்லை என்று சொன்னதைக் கேட்டு நீங்கள் மனம் தளர வேண்டாம். அங்கே காற்று வேறு.

உங்கள் வீட்டில் எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடித் தேர்மோமீற்றரின் அடிக் குமிழில் ஈரத் துணித் துண்டு ஒன்றைச் சுற்றி, ஃபேனுக்கு முன்னால் ஐந்து நிமிடம் பிடியுங்கள். அறை 34 ஆக இருக்கும்போது அது 27க்கு இறங்கி நின்றால், அதுதான் எல்லை. அதற்குக் கீழே எந்த ஃபேனாலும் தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. தொட்டி பொதுவாக அந்த எல்லைக்கும் அறைச் சூட்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் நிற்கும்.

காத்தான்குடி: நானா, நான் ஃபேன் வைக்கிறதில்லை. ஒரு லீற்றர் போத்தலில் ஐஸ் கட்டி, பகல் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் மிதக்க விடுறன். இது போதாதா?

போதாது என்பதைவிட, எனக்கு இந்த முறை பிடிக்காது. ஒரு லீற்றர் ஐஸ் உருகி, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு வரும்வரை உறிஞ்சுவது சுமார் 460 கிலோஜூல். அதாவது ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகிப் போவது உங்கள் ஐந்து ஐஸ் போத்தலுக்குச் சமம். அதோடு ஐஸ் அரை மணித்தியாலத்தில் சடாரென்று இறக்கிவிட்டு, உருகியதும் பழைய சூட்டுக்கே விட்டுவிடும். மீனை வாட்டுவது 31 பாகை அல்ல, ஒரே நாளில் 32க்கும் 28க்கும் இடையில் ஏறி இறங்குவதுதான். வெள்ளைப் புள்ளி நோய் பெரும்பாலும் இப்படியான தொட்டியில்தான் தலைகாட்டும். போத்தலை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், தினசரி வேலைக்கு ஃபேனை விடுங்கள்.

களுவாஞ்சிக்குடி, ரீச்சர் ஒருவர்: கம்பியூட்டர் ஃபேன் இரண்டு பூட்டி ஒரு கிழமையாகிவிட்டது. அரைப் பாகைகூட இறங்கவில்லை. மகன் காசை வீணாக்கிவிட்டான் என்று வீட்டில் பேச்சு.

மகனைத் திட்டுவதற்கு முன் மூன்று விடயம் பாருங்கள், ரீச்சர். முதலில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கம்பியூட்டர் ஃபேனில் ஸ்டிக்கர் ஒட்டி, குறுக்குச் சட்டங்கள் தெரிகிற பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். ஒரு துண்டு டிஷ்யூவைப் பிடித்தால் தெரிந்துவிடும். தலைகீழாகப் பூட்டிய ஃபேன் ஓடும், சத்தமும் போடும், ஆனால் தண்ணீரில் காற்றுப் படாது.

அடுத்தது மூடி. கண்ணாடி மூடியில் ஓட்டை வெட்டி ஃபேனை வைத்திருந்தால், ஈரக் காற்று வெளியேற மறுபக்கமும் வழி வேண்டும். இல்லாவிட்டால் அதே ஈரக் காற்றுத்தான் உள்ளே சுற்றும். மூடியை முழுதாக எடுத்துவிட்டு, தொட்டியின் ஒரு தலைப்பிலிருந்து தண்ணீர் மேல் உரசிப் போகிற மாதிரி ஃபேனைச் சாய்த்து வையுங்கள். நேராகக் கீழே பார்க்க வைக்க வேண்டாம். சரியாக வைத்தால் தண்ணீரின் மேல் சிறு சுருக்கம் விழுந்து, தொட்டியின் மறு தலைப்புவரை ஓடும். அந்தச் சுருக்கம் தெரியாத இடத்தில் ஃபேன் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது அறை. கதவையும் யன்னலையும் பூட்டிய அறையில் தொட்டி விட்ட ஆவியே அறையை ஈரமாக்கிவிடும். யன்னல் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். நுளம்பு வருமென்றால் வலை அடியுங்கள்.

வந்தாறுமூலை: மூடியை எடுத்தா மீன் பாயாதா அண்ணா?

பாயும். மொலி, சோட்டெய்ல், பார்ப் எல்லாம் பாயும். யன்னலுக்கு அடிக்கிற பிளாஸ்டிக் நுளம்பு வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மேலே வையுங்கள். காற்று கொஞ்சம் தடைப்படும், பரவாயில்லை.

அக்கரைப்பற்று: ஃபேன் வைத்த பிறகு தண்ணி வேகமாக் குறையுது. கிணத்துத் தண்ணி ஊத்தி ஊத்தி நிரப்புறன். இப்ப கண்ணாடி விளிம்பில் வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு, டெட்ரா இரண்டு செத்தும் போச்சு.

ஃபேன் வைக்கிற எல்லோரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். அதிலிருந்த சுண்ணாம்பும் உப்பும் தொட்டியிலேயே நின்றுவிடும். நீங்கள் ஊற்றுகிற ஒவ்வொரு லீற்றரும் புதிதாகக் கொஞ்சம் கொண்டுவந்து சேர்க்கும். 60 லீற்றர்த் தொட்டிக்குத் தினம் ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால், அறுபது நாளில் தண்ணீரின் வன்மை இரண்டு மடங்காகிவிடும். கப்பியும் மொலியும் அதைத் தாங்கும், மொலிக்கு அது பிடிக்கவும் செய்யும். டெட்ரா மென்நீர் மீன், அது தாங்காது.

கரையோரத்துக் கிணறுகள் ஏற்கெனவே வன்மையானவை, கடலுக்கும் களப்புக்கும் கிட்ட என்றால் உவர்ப்பும் இருக்கும். ஆகவே குறைந்ததை நிரப்ப மென்மையான தண்ணீர் வேண்டும். குடிக்க வாங்குகிற ஆர்ஓ தண்ணீர் நல்லது. மாரியில் ஓட்டுக் கூரையிலிருந்து பிடித்து, மூடி வைத்த மழைத் தண்ணீர் அதைவிட மலிவு. முதல் இரண்டு மூன்று மழை கூரையைக் கழுவட்டும், பிறகு பிடியுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக்கி ஊற்றுங்கள். நிரப்புவது வேறு, தண்ணீர் மாற்றுவது வேறு. கிழமைக்கொரு தரம் கால்வாசியை எடுத்துவிட்டு மாற்றுவதை ஃபேன் இருக்கிறதென்று நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, மாற்றுவதற்கென்று தண்ணீர் பிடித்து வைக்கிற வாளியை மூடி வையுங்கள். திறந்த வாளியில் டெங்கு நுளம்பு முட்டையிட்டால், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிற்கும்போது மீன் வளர்க்கிற கதை எடுபடாது.

கல்முனை: கடல்மீன் தொட்டிக்கும் இதேதானா?

இதேதான், இரண்டு மடங்கு கவனத்தோடு. குறைகிற தண்ணீருக்குப் பதிலாக உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கடல் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். பவளம் வளர்ப்பவர் என்றால் 27க்கு மேல் போக விடக் கூடாது. மாரியிலும் கோடையிலும் அதை ஃபேன் மட்டும் வைத்துக் காப்பாற்றுவது எங்கள் பக்கத்தில் கஷ்டம். உங்களுக்குச் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிராக்குகிற இயந்திரம், வேண்டும். நான் சில்லர் வாங்கச் சொல்வது பவளக்காரருக்கு மட்டும்தான். கப்பித் தொட்டிக்கு அது வீண் ஆடம்பரம்.

செங்கலடி: பைட்டர் போத்தலுக்கு யூஎஸ்பி ஃபேன் வைக்கலாமா?

வேண்டாம். பைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன். தண்ணீருக்கு மேலுள்ள காற்றும் இளஞ்சூடாக, ஈரமாக இருப்பதுதான் அதற்கு நல்லது. 28, 30 பாகை அதற்குச் சுகம். போத்தலை விட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அதுவே போதும்.

சம்மாந்துறை: காக்கா, தண்ணிச் சூட்டைப் பார்த்து ஃபேனைத் தானாப் போட்டு நிப்பாட்டுற எஸ்டிசி-1000 கொன்ட்ரோலர் வாங்கிப் பூட்டினன். தண்ணி குளிரா இருக்கக்குள்ள ஃபேன் ஓடுது, சூடானா நிக்குது!

ஃபேன் வயரைக் கொன்ட்ரோலரில் 5, 6 என்று இலக்கமிட்ட முனைகளில் கொடுத்திருப்பீர்கள். அது ஹீற்றருக்கான இடம். ஃபேனுக்கு 7, 8. அந்த முனைகளிலிருந்து கரண்ட் வராது, அவை சுவிட்ச் மட்டும்தான். ஃபேன் அடாப்டருக்குப் போகிற வயரை அதன் ஊடாக எடுக்க வேண்டும். 230 வோல்ட் வேலை என்பதால் பழக்கமில்லாவிட்டால் வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் அமுக்கிப் பாருங்கள்.

28 என்று வைத்து, வித்தியாசத்தை 1 ஆக்கினால் 29இல் ஓடத் தொடங்கி 28இல் நிற்கும். சென்சரை ஃபேன் காற்றுப் படாமல், தண்ணீருக்குள் நன்றாக ஆழ்த்துங்கள். பிளக்குக்குப் போகிற வயர் ஒருமுறை கீழே தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். அப்போது வயர் வழியாக ஒழுகுகிற தண்ணீர் பிளக்கை எட்டாது.

அம்பாறை டவுன்: மழைக்காலத்தில் ஃபேனைக் கழற்றி வைக்க வேண்டுமா?

கொன்ட்ரோலர் இருந்தால் தேவையில்லை, அது தன்பாட்டில் நிற்கும். இல்லாவிட்டால் கழற்றுங்கள். மார்கழி இரவில் தண்ணீர் தானாகவே 25க்குக் கிட்ட வரலாம், அதற்கு மேல் ஃபேனும் அடித்தால் ஏஞ்சல், டிஸ்கஸ் எல்லாம் சுருண்டு போகும்.

ஏறாவூர்: மூன்று அடித் தொட்டி, கோல்ட் பிஷ் ஆறு. ஃபேன் ஓடுது, 30இல் நிற்குது. ஆனா விடியற்காலை எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது.

அது சூடு மட்டுமல்ல, ஒட்சிசன் குறைவு. 25 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஒட்சிசன் கரையும், 30இல் 7.5தான். அதே நேரம் சூடு கூடக் கூட மீனுக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படும். கோல்ட் பிஷ் குளிர்நீர் மீன், 24க்குக் கீழே இருக்க வேண்டியது. எங்கள் ஊரில் அது வாழ்வதே பெரிய விடயம்.

தொட்டிக்குள் பாசிச் செடி நிறைய இருந்தால் இரவில் அதுவும் ஒட்சிசனை எடுக்கும். எயார் பம்ப்பை இரவு முழுதும் போடுங்கள், பின்னேரச் சாப்பாட்டைப் பாதியாக்குங்கள். தண்ணீருக்குள் கிடக்கிற பம்ப் எத்தனை வாட் என்றும் பாருங்கள். அது எடுக்கிற கரண்டில் பெரும்பகுதி சூடாகத் தண்ணீருக்குள்தான் போகிறது. ஃபேன் வெளியேற்ற, பம்ப் உள்ளே சேர்க்க என்று இரண்டும் மல்லுக்கட்டும். தகரக் கூரை என்றால் சீலிங்குக்கு மேல் சூட்டைத் தடுக்க றெஜிபோம் (வெள்ளை நுரைத் தகடு) போடுவதும், மேற்குச் சுவரை விட்டுத் தொட்டியை நகர்த்துவதும் இன்னொரு ஃபேன் பூட்டுவதைவிடப் பலன் தரும்.

வாழைச்சேனை: கரண்ட் பில் கூடுமா? கரண்ட் போனா என்ன செய்யிறது?

3 வாட் ஃபேன் மாதம் முழுக்க இரவு பகலாக ஓடினாலும் இரண்டு யூனிற்றுக்குச் சற்றுக் கூட. மேசை ஃபேன் 50 வாட் என்றால் 36 யூனிற். ஆகவே சின்ன ஃபேன் வாங்குங்கள்.

2022இல் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். 12 வோல்ட் ஃபேனில் உள்ள நன்மை அப்போது தெரியும், பற்றரியில் நேரே கொடுத்தே ஓட்டலாம். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி ஒன்று, 0.2 ஆம்பியர் ஃபேனைக் கணக்குப்படி 35 மணித்தியாலம் ஓட்ட வேண்டும். பழைய பற்றரி என்றால் பாதியை நம்புங்கள். சிவப்பு வயர் பிளஸ், கறுப்பு மைனஸ், பிளஸ் வயரில் ஒரு சின்னப் பியூஸ். பற்றரி ஒன்றுதான் இருக்கிறதென்றால் ஃபேனுக்கு முன் பற்றரியில் ஓடுகிற எயார் பம்ப்புக்கு அதைக் கொடுங்கள். மீன் சூட்டை ஒரு பகல் தாங்கும், மூச்சில்லாமல் தாங்காது.

கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்கள் ஃபேனின் பிளக் முனையை மாதமொருமுறை பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பிடித்திருந்தால் சுரண்டித் துடைத்துவிடுங்கள். எண்ணெய் விட்டும் ஃபேன் கிறீச்சிட்டால் அதோடு மல்லாடாமல் புதியதைப் பூட்டுங்கள்.