பாக்கெட்டின் பின்பக்கத்துக் கட்டம்

கேள்வி: பிஸ்கட், மிக்சர் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தில் ஊட்டச்சத்து விவரம் என்று ஒரு கட்டம் அச்சிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு எவராவது வாங்காமல் திரும்பியிருக்கிறார்களா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: திரும்பியவர்கள் உண்டு, ஆனால் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் பலருக்கு அந்தப் பழக்கமே வருகிறது. மற்றவர்கள் பாக்கெட்டைத் திருப்புவது விலைக்கும் காலாவதித் தேதிக்கும்தான். அவர்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. 100 கிராமுக்குச் சர்க்கரை 25 கிராம் என்று கட்டத்தில் இருக்கும். கையில் இருப்பதோ 75 கிராம் பாக்கெட். அதில் ஏறத்தாழ 19 கிராம், அதாவது நான்கு டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது என்ற கணக்கை, ஒரு கையில் கூடையும் மறு கையில் அடம்பிடிக்கும் குழந்தையுமாக நிற்பவர் எப்படிப் போடுவார்? ஒரு தடவைக்கு உண்ணும் அளவு இரண்டு பிஸ்கட் என்று நிறுவனம் வைத்துக்கொண்டால், அந்த எண் இன்னும் சிறுத்துத் தெரியும். (தேநீரில் தொட்டுத் தின்னத் தொடங்கி இரண்டோடு நிறுத்துபவரை நான் இன்னும் பார்க்கவில்லை.)

உண்மையை அச்சிடுவது வேறு, அது கண்ணில் படுவது வேறு. சிலே நாடு 2016 ஜூனில், சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவை வரம்பைத் தாண்டிய பண்டங்களின் முன்பக்கத்தில் 'அதிகம்' என்று சொல்லும் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அத்தகைய இனிப்புப் பானங்களை வீடுகள் வாங்கும் அளவு ஏறக்குறைய கால் பங்கு குறைந்ததாக ஆய்வு காட்டியது. முத்திரை பெற்ற பண்டங்களைக் குழந்தைகளுக்கு விளம்பரம் செய்வதற்கும் பள்ளிகளில் விற்பதற்கும் கூடவே தடை வந்ததால், முழுப் பெருமையையும் முத்திரைக்கே கொடுத்துவிட முடியாது. இலங்கையும் அதே ஆண்டு குளிர்பானங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீட்டைக் கொண்டுவந்தது; 100 மில்லிலிட்டரில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு.

இந்தியாவில் 2022இல் வெளியான வரைவு விதி, பண்டம் எவ்வளவு ஆரோக்கியமானதோ அவ்வளவு நட்சத்திரம் என்ற மதிப்பீட்டை முன்வைத்தது. அந்த முறையில் நார்ச்சத்துக்கும் பருப்புக்கும் கிடைக்கும் புள்ளிகள் சர்க்கரையின் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடும் என்பதால், எனக்கு அதில் உடன்பாடில்லை.

கட்டத்தைக் கூர்ந்து படிக்கும் இன்னொருவர் தயாரிப்பாளர். இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பின் (வனஸ்பதி போன்றவற்றில் இருப்பது) அளவைத் தனி வரியில் காட்ட வேண்டும் என்ற விதி 2006இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தபோது, அந்த வரியில் பூஜ்யம் போடுவதற்காகவே பல நிறுவனங்கள் எண்ணெயை மாற்றின. கட்டத்தைப் பார்த்தே இராதவருக்கும் அதன் பலன் கிடைத்தது.

கேள்வி: 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற வாசகத்தை நம்பலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்த வாசகம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, பழச்சாறாக இருந்தால் பழத்திலேயே உள்ள சர்க்கரை அதில் இருந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே கட்டத்தில் மொத்தச் சர்க்கரை என்ற வரியையும் பாருங்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரும் இப்படித்தான்: அப்படியொரு வகை உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்பதால், மால்ட் பானங்களை அந்தப் பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும்; சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப் என்று பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும் என்பதால், மூன்றையும் ஒன்றாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.