‘நானோ’ என்று போட்டிருந்தால் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

நுகர்வோர் கேள்வி–பதில்

கேள்வி: உரக்கடையில ரெண்டு மூட்டை யூரியா கேட்டா, கூடவே ஒரு பாட்டில் நானோ யூரியா வாங்குனாத்தான் தருவோம்ங்கறாங்க. ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமமாமா. நெசமுங்களா? நெல்லுக்கு மூட்டையைக் குறைச்சுக்கலாமுங்களா?
– விவசாயி, கோபிசெட்டிபாளையம்

பதில்: குறைக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதம் நைட்ரஜன் (தழைச்சத்து), அதாவது 20.7 கிலோ. இலையில் தெளிக்கும் திரவமான நானோ யூரியா 2021-ல் கடைக்கு வந்தபோது நைட்ரஜன் 4 சதம்தான், 500 மி.லி. பாட்டிலில் 20 கிராம். பிறகு வந்த 20 சத பாட்டிலிலும் 100 கிராம்தான் இருக்கிறது. நெல் ஒரு டன் மகசூல் தர 15 முதல் 20 கிலோ நைட்ரஜனை உறிஞ்சுகிறது. வயலில் போடும் யூரியாவில் பாதிக்கு மேல் ஆவியாகவும் நீரோடும் போய்விடுகிறது என்பது உண்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே பயிருக்குச் சேர்ந்தாலும் மூட்டைக்கு ஏழு கிலோ கிடைக்கிறது. 100 கிராமை எத்தனை நுண்ணியதாக்கினாலும் அது ஏழு கிலோ ஆகாது. துகளைச் சிறிதாக்கினால் இலைக்குள் புகும் வழி மாறலாம், உள்ளே இருக்கும் நைட்ரஜனின் எடை கூடாது.

பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டாண்டு வயல் சோதனை நடத்தியது. மண்ணில் இடும் நைட்ரஜனைப் பாதியாகக் குறைத்து, மீதிக்கு நானோ யூரியா தெளித்தபோது நெல் மகசூல் 13 சதமும் கோதுமை 21.6 சதமும் குறைந்தன.

இலைவழி உரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தழைச்சத்துக் குறைவால் பயிர் வெளுத்தால் இலைவழி கொடுப்பது சீக்கிரம் பிடிக்கும். அதற்குச் சாதா யூரியாவே போதும். 100 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ, அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 200 கிராம். இந்த 2 கிலோவில் 920 கிராம் நைட்ரஜன் இருக்கிறது, மூட்டை 266.50 ரூபாய் என்றால் செலவு 12 ரூபாய். வெயில் இறங்கிய பின் தெளியுங்கள். 2 சதத்தைத் தாண்டினால் இலை நுனி கருகும். ஏற்கெனவே பாட்டில் வாங்கிவிட்டீர்களா? வீணாக்க வேண்டாம். நன்றாகக் குலுக்கி, லிட்டருக்கு 2 முதல் 4 மி.லி. கலந்து, தூர் கட்டும்போது ஒரு முறையும் பூப்பதற்கு முன் ஒரு முறையும் அடியுங்கள். அடியுரத்தில் கை வைக்காதீர்கள். பாட்டில் லேபிளும் அதையேதான் சொல்கிறது.

‘இதை வாங்கினால்தான் அது’ என்று கட்டாயப்படுத்த உரக்கடைக்கு உரிமை கிடையாது. இரண்டுக்கும் தனித்தனியாக விலை போட்ட பில் கேளுங்கள். பில்லோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: அப்படியானால் நானோ என்பதே வெறும் விளம்பரமா?
– கல்லூரி மாணவி, நாமக்கல்

பதில்: இல்லை. ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஏதாவது ஒரு பக்க அளவாவது 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்கும் பொருளை நானோப் பொருள் என்கிறோம். தலைமுடி சுமார் 80,000 நானோமீட்டர் தடிமன். இந்த அளவுக்கு இறங்கும்போது இரண்டு மாற்றங்கள் வருகின்றன. ஒன்று, மேற்பரப்பு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர். வேதிவினை நடப்பது மேற்பரப்பில் என்பதால் கொஞ்சம் பொருளே நிறைய வேலை செய்யும். இரண்டு, ஒளியோடும் மின்சாரத்தோடும் அது நடந்துகொள்ளும் விதம் அளவைப் பொறுத்து மாறிவிடும். குவாண்டம் டாட் எனும் துகள் சிறியதாக இருந்தால் நீலமாகவும், அதே பொருள் சற்றுப் பெரியதானால் சிவப்பாகவும் ஒளிரும். அதைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 2023-ன் வேதியியல் நோபல். கியூஎல்இடி டிவியின் பளிச் நிறங்களுக்குப் பின்னால் இருப்பதும் அதுவே.

துகள் (வெள்ளி, துத்தநாக ஆக்சைடு), இழையும் குழாயும் (கார்பன் நானோ குழாய்), தகடு (கிராஃபீன், நானோ களிமண்) என்று வடிவத்தை வைத்துப் பிரிப்பார்கள். டயரைக் கறுப்பாக்கி உறுதி தரும் கார்பன் பிளாக்கும் நானோத் துகளே. அந்தப் பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே புழக்கத்தில் உள்ளது. ஆகவே கடையில் கேட்க வேண்டியது ‘நானோவா?’ என்பதல்ல. என்ன பொருள், எவ்வளவு, எதோடு ஒட்டியிருக்கிறது, எத்தனை நாள் தாங்கும், யார் சோதித்தது என்று கேளுங்கள்.

கேள்வி: சின்ன பனியன் கம்பெனி வெச்சிருக்கோமுங்க. ஸ்போர்ட்ஸ் டீ-ஷர்ட் ஆர்டர்ல பையர் ‘வியர்வை நாத்தம் வரக்கூடாது, 20 சலவை தாங்கணும்’னு கேக்கறாங்க. பினிஷிங் பண்றவங்க நானோ சில்வர் போட்டுத் தர்றோம், கிலோவுக்கு இவ்வளவு கூடுதல்னு சொல்றாங்க. நம்பலாமுங்களா?
– உற்பத்தியாளர், திருப்பூர்

பதில்: நானோ வெள்ளி வேலை செய்யும் பொருள்தான். துகளின் மேற்பரப்பிலிருந்து கசியும் வெள்ளி அயனி பாக்டீரியாவைக் கொல்கிறது. நாற்றத்துக்குக் காரணம் வியர்வையைத் தின்னும் பாக்டீரியா. துணியில் அது எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2008-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நானோ வெள்ளி சாக்ஸ்களைச் சோதித்தபோது, சில பிராண்டுகளில் நாலே சலவையில் ஏறக்குறைய முழு வெள்ளியும் தண்ணீரோடு போய்விட்டது. வேறு சிலவற்றில் மிகக் கொஞ்சமே போனது.

ஜாப் ஒர்க் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: கெமிக்கலின் பெயரும் அதன் தொழில்நுட்பத் தாளும், துணியில் நிற்கப்போகும் வெள்ளி எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), எந்த பைண்டர் (துகளைத் துணியோடு ஒட்டவைக்கும் பசை), ஸ்டென்டரில் (துணியை விரித்துச் சூடேற்றும் மெஷின்) எந்தச் சூட்டில் எத்தனை வினாடி க்யூரிங் (பைண்டரை இறுகவைப்பது). ஸ்டென்டரில் துணி வெறுமனே காய்ந்து வந்தால் போதாது. பைண்டருக்குச் சொல்லப்பட்ட சூடு துணிக்கே ஏற வேண்டும், சேம்பர் மீட்டர் காட்டினால் மட்டும் பற்றாது. அவசர ஆர்டரில் மெஷின் வேகத்தைக் கூட்டும்போது கெடுவது இந்த இடம்தான்.

மற்ற கோளாறுகளையும் சொல்லிவிடுகிறோம். சாயத்துக்குப் பின் உப்பு சரியாக அலசப்படாமல் குளோரைடு தங்கினால் வெள்ளி குளோரைடாகத் திரிந்து வீழ்படியும். பொருந்தாத சாஃப்ட்னரை அதே பாத்தில் (துணியை முக்கும் மருந்துக் கரைசலில்) ஊற்றினால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு பாத் சாம்பல் நிறமாகும். திரண்டுவிட்டால் அது நானோ அல்ல. வெள்ளைத் துணியில் லேசான மஞ்சள் தட்டும். நானோ வெள்ளி நீல ஒளியை உறிஞ்சுவதால் வரும் இயல்பு அது, துவைத்துப் போக்க முடியாது. ஆகவே வெள்ளை, வெளிர் நிறங்களுக்கு முதலில் சாம்பிள் போட்டுப் பையரிடம் ஒப்புதல் வாங்குங்கள்.

சோதனைக்கு ஒரே லாட்டிலிருந்து மூன்று துண்டு வெட்டுங்கள்: பினிஷ் போடாதது, போட்டுத் துவைக்காதது, போட்டு 20 முறை துவைத்தது. கோவையிலுள்ள ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவிலோ அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்திலோ, துணி பாக்டீரியாவை எவ்வளவு ஒழிக்கிறது என்று அளக்கும் ஐஎஸ்ஓ 20743 அல்லது ஏஏடிசிசி 100 முறையில் பார்க்கச் சொல்லுங்கள். துவைக்காத துண்டின் ‘99 சதம்’ ரிப்போர்ட்டைக் காட்டிப் பணம் கேட்பவர்கள் உண்டு. உங்கள் பையருக்கு வேண்டியது மூன்றாவது துண்டின் ரிப்போர்ட். அந்த ரிப்போர்ட் வரும்வரை கூடுதல் தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உள்ளது வெள்ளிதானா, மலிவான அமோனிய வகைக் கிருமிக்கொல்லியா என்ற சந்தேகம் இருந்தால் வெள்ளி பிபிஎம் சோதனையையும் சேர்த்துக் கொடுங்கள்.

காட்ஸ் (இயற்கை வேளாண் பருத்தித் துணிகளுக்கான உலகத் தரம்) சான்றிதழ் வேண்டும் ஆர்டராக இருந்தால் நானோ பினிஷை எடுக்கவே வேண்டாம், அந்தத் தரம் அதை அனுமதிப்பதில்லை. ஐரோப்பாவுக்கு என்றால் கிருமிக்கொல்லி விதிமுறைப்படி லேபிளில் பொருளின் பெயரோடு ‘நானோ’ என்றும் குறிப்பிட வேண்டி வரும். பையரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மிஞ்சிய பாத்தைச் சாக்கடையில் விடக் கூடாது. சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்று வேலை செய்யும் பாக்டீரியாவையும் வெள்ளி கொல்லும். சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு போதும்.

கேள்வி: போர் தண்ணி டிடிஎஸ் 1,400. ‘நானோ சில்வர் ஃபில்டர்’ வாங்கினால் சரியாகுமா?
– இல்லத்தரசி, தாராபுரம்

பதில்: ஆகாது. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு. ஃபில்டரிலுள்ள வெள்ளி கிருமியைக் கொல்லும், கார்பனில் பாக்டீரியா வளராமல் காக்கும். கரைந்த உப்பைத் தொடாது. அதற்கு ஆர்ஓ வேண்டும். பெயர் ஒன்றுபோல் இருக்கும் ‘நானோ ஃபில்ட்ரேஷன்’ வேறு சங்கதி. அது சவ்வு, துளை ஒரு நானோமீட்டர் அளவு. கால்சியம், மக்னீசியத்தால் வரும் கடினத்தன்மையை நன்றாகவும் சோடியம் உப்பை ஓரளவும் நீக்கும். வாங்கும் முன் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து ஃபுளோரைடு பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ன்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2,000 வரை. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது.

கேள்வி: கார் ஷோரூமில் ‘நானோ செராமிக் கோட்டிங், 9எச் கடினம், கீறலே விழாது’ என்கிறார்கள்.
– வாசகர், கோவை

பதில்: 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை அளவு. சாவியும் சரளைக் கல்லும் அதைவிடக் கடினம். பூச்சின் தடிமன் ஒரு மைக்ரான் அளவில்தான் இருக்கும். தண்ணீர் வழிந்தோடும், அழுக்கு சுலபமாகப் போகும், பளபளப்பு நிற்கும். இதற்காக வேண்டுமானால் போடுங்கள். வேலையில் பெரும்பகுதி பூச்சுக்கு முந்தியது: கழுவி, க்ளே பாரால் ஒட்டழுக்கை எடுத்து, பாலிஷ் போட்டு, ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் பூசினால் பழைய கீறல்கள் பூச்சுக்கடியில் அப்படியே தெரியும். முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு கூடாது. நம்மூர் போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் முத்துமுத்தாக நிற்கும் துளிகள் உப்புக் கறையாகப் படியும். உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: ‘நானோ குர்குமின்’ மாத்திரை, மஞ்சளைவிடப் பல மடங்கு என்கிறார்கள். தினமும் எடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதம்தான், அதிலும் உடல் ஏற்பது சொற்பம். நானோவாக்குவது அந்த ஏற்பைக் கூட்டத்தான். கூடினால் மருந்தைப் போலவே பக்கவிளைவும் வரலாம். 2019-ல் இத்தாலியில் மஞ்சள் சார்ந்த மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்து அரசு எச்சரித்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் தொடவே கூடாது. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்து சிறுநீர் அடர்மஞ்சளானாலோ, கண் மஞ்சளித்தாலோ, பசி போனாலோ அன்றே நிறுத்திக் கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். டப்பாவையும் பில்லையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.