வாடகை ஏறிய கோட்டை

கேள்வி: காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன், இணையத்தில் ஒரு மெய்நிகர் உலகத்தில் இடம் வாடகைக்கு எடுத்து, வேலூர்க் கோட்டையை 1806-ல் இருந்த மாதிரி மாணவர்களோடு சேர்ந்து கட்டினேன். வாடகை டாலரில். முதலில் மாதம் 8 ஆயிரம் ரூபாய் ஆனது, இப்போது 12 ஆயிரத்தைத் தாண்டுகிறது. பாதியைக் கல்லூரி கொடுத்துவந்தது. "கோட்டைதான் பஸ் ஏறினால் வந்துவிடுகிறதே" என்று இந்த வருடம் நிறுத்திவிட்டார்கள். ஆறு மாதமாக என் சம்பளத்தில் கட்டுகிறேன், வீட்டில் தினமும் பேச்சு. விடவும் மனசு வரவில்லை. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: அன்புள்ள சகோதரி, பணத்தை முதலில் பேசிவிடுவோம். அடுத்த பில்லோடு கைக்காசு போடுவதை நிறுத்துங்கள். எவ்வளவு நல்ல பாடமானாலும் அதற்கு உங்கள் வீட்டு மளிகைக் காசு போகக் கூடாது. வீட்டில் கேட்பது நியாயம்தான்.

இந்தக் கஷ்டம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 2003-ல் தொடங்கிய செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் நிறையக் கல்லூரிகள் இடம் எடுத்துப் பாடம் நடத்தின. கல்வி நிறுவனங்களுக்குப் பாதி விலை, ஒரு முழுத் தீவுக்கு, அதாவது அங்கே வாடகைக்குக் கிடைக்கும் ஒரு நிலத்துக்கு, மாதம் 147.50 டாலர். 2010 அக்டோபரில் அதை நடத்தும் லிண்டன் லேப், ஜனவரி முதல் அந்தச் சலுகை இல்லை என்று அறிவித்தது. வாடகை 295 டாலர் ஆனது. பட்ஜெட் போட்டு முடித்த கல்லூரிகள் நடு வருடத்தில் எங்கே போகும்? பலர் காலி செய்தார்கள். 2013-ல் சலுகை திரும்பி வந்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

நம் ஊர் ஆசிரியருக்கு இன்னொரு அடியும் உண்டு. 2010-ல் டாலர் சுமார் 45 ரூபாய், இப்போது 85-ஐத் தாண்டிவிட்டது. கம்பெனி விலையைத் தொடாமலே நம் பில் ஏறும். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கார்டில் வெளிநாட்டுக் கட்டணம் வேறு.

அப்புறம், "பஸ் ஏறினால் கோட்டை" என்ற பேச்சு. கோட்டைக்குப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஆனால் இன்று அங்கே தெரிவது பூங்காவும் அலுவலகங்களும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அந்த இருட்டு, தலைப்பாகை உத்தரவில் புகைந்த கோபம், திப்புவின் பிள்ளைகளை வைத்திருந்த மாளிகை, அவர்களை அடக்க ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்த ஆற்காட்டுச் சாலை, இவையெல்லாம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று இன்றைய கோட்டையில் நின்று உணர்வது கஷ்டம். உங்கள் மாணவி மதில் மேல் நின்று, "மேடம், அகழியில் தண்ணி இருந்தா இவங்க எந்த வழியா தப்பிச்சிருப்பாங்க?" என்று கேட்டதாகக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கேள்வியைத்தான் முதல்வரிடம் காட்ட வேண்டும். பில்லைக் காட்டிப் பேசினால் பில்லைப் பற்றித்தான் பேசுவார்.

அவரிடம் பணமும் கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் லேபில் ஒரு நல்ல மெஷினும் யுபிஎஸ்ஸும் கேளுங்கள். ஓப்பன்சிமுலேட்டர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. செகண்ட் லைஃப் மாதிரியான உலகத்தை நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம், நில வாடகை கிடையாது. இரண்டுக்கும் ஃபயர்ஸ்டார்ம் என்ற, உலகத்தைத் திரையில் காட்டும் மென்பொருள் வழியாகவே நுழையலாம் என்பதால் பிள்ளைகள் புதிதாகப் பழக வேண்டியதில்லை. கட்டியது முழுவதையும் ஒரே ஃபைலாகச் சேமித்துப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு வேறு கல்லூரிக்குப் போனாலும் கோட்டை உங்களோடு வரும்.

செலவே இல்லை என்று சொல்லமாட்டேன். நிறுவவும் அவ்வப்போது அப்டேட் செய்யவும் ஆள் வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் ஆர்வமுள்ள ஒரு பிள்ளைக்கு இதையே புராஜெக்டாகக் கொடுக்கச் சொல்லுங்கள். வகுப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் மெஷின் திணறும், பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இடத்துக்கு நீங்கள் வாடகை கட்டினாலும், அதில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுக்க முடியாது. கடையில் வாங்கிப் போட்ட மரம், சிப்பாய் உடுப்பு எல்லாம் அங்கேயே நிற்கும். செகண்ட் லைஃப் மாதிரியான இடங்களில் ஒரு பொருளை உருவாக்கியவர் யாரோ, அவர் கணக்கிலிருந்துதான் அதை வெளியே எடுக்க விடுவார்கள். நீங்கள் செய்த மதில், படிக்கட்டு, கொத்தளம் உங்கள் கணக்கில் வந்துவிடும். ஸ்கிரிப்ட்களை, அதாவது பொருட்களை இயக்க எழுதிய நிரல்களை, தனியாக நோட்பேடில் நகல் எடுத்து வையுங்கள்.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணில் காளையும் யானையும் ஒரே தலையாகத் தெரியும் சிற்பத்தை, குடியாத்தத்துப் பையன் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவன் கணக்கில் இருக்கும். படிப்பு முடித்து ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான் என்கிறீர்கள். பில் தேதி 28 என்றால், வாடகை நிற்பதற்குள் அதை எடுத்துவிட இன்றைக்கே அவனுக்குப் போன் போடுங்கள். பாஸ்வேர்டை மறந்திருப்பான். எந்த இமெயில் கொடுத்துக் கணக்கு தொடங்கினான், அது இப்போதும் திறக்கிறதா என்று கேளுங்கள்.